செங்கல்பட்டு ஏரியாவில் ஒரு தியேட்டர்

சினிமா வியாபாரத்தைப் பொறுத்தவரை தாம்பரம் சென்னையில் இல்லை. 2021 நவம்பரில் தாம்பரம் தனி மாநகராட்சி ஆனது, 2022 ஜனவரியில் தனி போலீஸ் கமிஷனரேட்டும் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரியல் எஸ்டேட்காரர்கள் கூடுவாஞ்சேரி வரை 'சென்னை' என்று சொல்லி மனை விற்றுத் தீர்த்துவிட்டார்கள். ஆனால் ஒரு தமிழ்ப் படத்தை விலை பேசும் விநியோகஸ்தருக்குத் தாம்பரமும் குரோம்பேட்டையும் இன்றைக்கும் 'செங்கல்பட்டு ஏரியா'தான். சென்னை சிட்டி வேறு, செங்கல்பட்டு வேறு. கோவை, சேலம், மதுரை–ராமநாதபுரத்தைக் குறிக்கும் எம்.ஆர்., திருச்சி–தஞ்சாவூரைக் குறிக்கும் டி.டி. என்று பழைய ஜில்லாக்களை வைத்துப் போட்ட கோடுகள் அவை. ஜில்லாக்கள் உடைந்து, பெயர் மாறி, மறுபடி உடைந்தும் விட்டன. வியாபாரக் கோடு மட்டும் நகரவில்லை.

தென்சென்னைப் புறநகரில் ஒரு சின்ன தியேட்டரை வைத்து நடத்துவதென்றால் என்ன என்று புரிந்துகொள்ள அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்ததால்தான் இந்தத் தியேட்டர்கள் பிழைத்தன என்பது என் கணிப்பு. கோட்டின் பொருள் போனபோது பிழைப்பும் ஆட்டம் கண்டது.

தமிழ் சினிமாவுக்கும் ரயிலுக்கும் ஆரம்பத்திலிருந்தே உறவு உண்டு. திருச்சியில் ரயில்வே டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரை வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கட்டடத்தை எழுப்பியது அதற்குப் பிறகு. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' சென்னை கினிமா சென்ட்ரலில் வந்ததும் அதே ஆண்டு அக்டோபர் 31இல்தான். ரயில் வந்த பிறகுதான் தாம்பரம் ஊரானது என்றுகூடச் சொல்லலாம். 1937இல் கிறிஸ்தவக் கல்லூரி இங்கே இடம் பெயர்ந்தது. காசநோய் மருத்துவமனையும் விமானப்படைத் தளமும் ரயில்வே பணிமனையும் சேர்ந்தன. பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனியின் பெயரிலேயே ஒரு பேட்டை முளைத்தது. மாதச் சம்பளக்காரர்களும் தோல் தொழிலாளிகளும் மாணவர்களும் ஒரே தண்டவாளத்தை ஒட்டிக் குடியேறினார்கள். தியேட்டர் நடத்த இதைவிடத் தோதான இடம் இருக்க முடியாது.

இன்னொரு காரணம் கடைசி வண்டி. மவுண்ட் ரோட்டில் செகண்ட் ஷோ முடிய நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகும். அதற்குள் தாம்பரம் போகும் கடைசி மின்வண்டி கிளம்பியிருக்கும். ஆகவே புறநகர்க் குடும்பம் சிட்டி தியேட்டருக்குப் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை மேட்னி, இல்லாவிட்டால் ஃபர்ஸ்ட் ஷோ. அதற்கும் ரயில் டிக்கெட், ஓட்டல் செலவு உண்டு. இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு நடந்தே போய்ப் பார்க்கும் படம் உள்ளூர் தியேட்டரில்தான். தாம்பரத்தில் வித்யா, எம்.ஆர்., நேஷனல், குரோம்பேட்டையில் வெற்றி, சிட்லபாக்கத்தில் வரதராஜா, மடிப்பாக்கத்தில் குமரன், நங்கநல்லூரில் வெற்றிவேல், பரங்கிமலையில் ஜோதி. இந்தப் பட்டியலைச் சொன்னால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட தென்சென்னைக்காரர் ஒவ்வொருவரும் ஒரு படத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்வார். ஜோதியின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தாழும். மற்றவர்கள் காட்டத் தயங்கிய படங்களைக் காட்டியே பெயர் வாங்கிய தியேட்டர் அது. சின்ன தியேட்டர்காரருக்கு எந்தப் படம் கிடைக்கிறதோ அதுதான் அவருடைய ரசனை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம்.

'எந்தப் படம் கிடைக்கிறது' என்பதைத் தீர்மானித்தது பிரிண்ட். 35 எம்.எம். ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படமென்றால் 13,500 அடி. ஆயிரம் அடி ரீலாகப் பார்த்தால் பதினான்கு. இவற்றைத் தகரப் பெட்டியில் அடுக்கி அனுப்புவார்கள். 'பெட்டி வந்துடுச்சா?' என்ற கேள்விக்கு அதுதான் பொருள். பிற்காலத்தில் ஒரு பிரிண்ட் எடுக்க ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாய் ஆனது. எனவே தயாரிப்பாளர் எண்ணித்தான் பிரிண்ட் போடுவார். முதலில் சிட்டியின் பெரிய தியேட்டர்கள், பிறகு ஏரியாவின் 'ஏ சென்டர்'கள், அப்புறம் 'பி', 'சி'. அங்கே ஓடித் தேய்ந்த பெட்டி 'ஷிஃப்டிங்' ஆகி இங்கே வரும். எண்பதுகளிலிருந்து புறநகர் தியேட்டர்களின் பெயரும் தினத்தந்தி விளம்பரத்தின் அடிவரிசையில் நேரடி வெளியீட்டுப் பட்டியலில் சேர ஆரம்பித்தது உண்மைதான். ஆனாலும் பெரும்பாலான படங்களுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

இந்தக் காத்திருப்பைத் தியேட்டர்காரர்கள் அவமானமாகப் பேசுவார்கள். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அது ஒரு பாதுகாப்பு. படம் தாம்பரத்துக்கு வரும்போது அது ஓடுமா ஓடாதா என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். சூதாட்டத்தின் பெரும்பங்கை சிட்டி தியேட்டர்காரரும் விநியோகஸ்தரும் ஆடி முடித்திருப்பார்கள். இவர் ஒரு வாரத்துக்கு இவ்வளவு என்று நிலையான வாடகை பேசி எடுத்தால் போதும். அந்த முறைக்கு 'ஃபிக்ஸட் ஹையர்' என்று பெயர். மேலே வருவது அவருக்கு. மிஞ்சிப்போனால் வாரத்தில் இரண்டு படம் மாற்றலாம். 'உலகம் சுற்றும் வாலிப'னையோ ஒரு பழைய சிவாஜி படத்தையோ வருஷத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்தால் அதற்கும் கூட்டம் வரும். டிக்கெட் விலை குறைவு என்றாலும் ரிஸ்க்கும் குறைவு.

பிரிண்ட் தட்டுப்பாடு முடிவுக்கு வந்தது டிஜிட்டலால். சென்னை ரியல் இமேஜ் நிறுவனத்தின் க்யூப், மும்பையின் யு.எஃப்.ஓ. ஆகியவை தியேட்டருக்குள் சர்வரைக் கொண்டுவந்து வைத்தன. 2010களின் நடுப்பகுதிக்குள் ஃபிலிம் பெட்டி அநேகமாக மறைந்துவிட்டது. இப்போது படம் ஹார்ட் டிஸ்க்கிலோ செயற்கைக்கோள் வழியாகவோ வந்து இறங்குகிறது. அது பூட்டிய படம். திறக்க ஒரு மின்சாவி வேண்டும்; கே.டி.எம். என்பார்கள், பேச்சில் 'கீ'. எந்தத் தியேட்டரின் எந்த சர்வரில், எந்தத் தேதி எத்தனை மணியிலிருந்து எதுவரை படம் ஓடலாம் என்று அந்தச் சாவிக்குள் எழுதியிருக்கும்.

வியாழக்கிழமை இரவு ஒரு சின்ன தியேட்டரின் புரொஜக்டர் அறையில் நடப்பது அனேகமாக இதுதான். படம் சர்வரில் ஏறியாயிற்று. திரையில் அதன் பெயருக்குப் பக்கத்தில் பூட்டுக் குறி. ஆபரேட்டர் அரை மணிக்கு ஒரு தடவை மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறார். மேனேஜர் விநியோகஸ்தர் அலுவலகத்துக்குப் போன் போடுகிறார். 'லேப் கிளியரன்ஸ் ஆகல, காலையில வந்துடும் சார்.' தயாரிப்பாளர் ஃபைனான்ஸியருக்குக் கட்ட வேண்டிய பணம் கட்டவில்லை என்று அதற்கு அர்த்தம். எங்கோ தி.நகரில் நான்கு பேர் உட்கார்ந்து பேசி முடிக்கும் வரை தாம்பரத்தில் காலைக் காட்சி கிடையாது. ஆன்லைனில் வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பப் போகும். கவுன்டரில் வாங்கியவர்கள் நேரே மேனேஜரிடம் வருவார்கள். 2025 மார்ச் 27 அன்று 'வீர தீர சூரன்' படத்துக்கு டில்லி உயர் நீதிமன்ற வழக்கால் காலைக் காட்சிகள் ரத்தாகி, மாலையில்தான் படம் வந்தது. அது செய்தியானது. செய்தியாகாத சின்னப் படங்களின் கதை இதைவிட நீளம்.

சாவி வந்துவிட்டால் தாம்பரமும் மவுண்ட் ரோடு தேவி தியேட்டரும் ஒன்று. அதே வெள்ளிக்கிழமை, அதே தெளிவு, அதே ஒலி. புறநகர்க்காரர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல காலம். சரியாகச் செலவழித்தவர்கள் சிட்டியையே முந்தினார்கள். குரோம்பேட்டை வெற்றி இரண்டு திரையோடு, டால்பி அட்மாஸ் ஒலியும் நல்ல புரொஜக்ஷனும் வைத்து, சிட்டி ரசிகர்களையும் ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே இழுத்தது. எந்தப் படத்துக்குக் கூட்டம் என்று அதன் நிர்வாகி ராகேஷ் கௌதமன் சமூக வலைத்தளத்தில் எழுதுவதை சினிமா வணிகச் செய்தியாளர்கள் கவனித்துப் படிக்கிறார்கள். ஒரு தனி முதலாளியின் தியேட்டர் பெரிய சங்கிலி நிறுவனங்களுக்கு நடுவில் பெயர் சொல்லி நிற்க முடியும் என்பதற்கு இந்தப் பக்கத்தில் அதைத்தான் உதாரணமாகக் காட்ட வேண்டும்.

ஆனால் சமத்துவத்துக்கு விலை இருந்தது. எல்லாத் திரையிலும் ஒரே நாளில் வரும் படம், எல்லாத் திரையிலும் ஒரே நாளில் முடிந்தும் போகிறது. முன்பு சிட்டியில் பத்து வாரம், ஏரியாவில் ஆறு வாரம், டூரிங் கொட்டகையில் ஒரு வாரம் என்று ஒரு வருடத்துக்கு இழுத்துச் சம்பாதித்த படம் இப்போது மூன்று நாளில் சம்பாதிக்கிறது. திங்கட்கிழமை காலைக் காட்சியில் தெரிந்துவிடும். ஃபிக்ஸட் ஹையர் போய் 'பர்சென்டேஜ்' வந்தது. பெரிய நடிகர் படத்துக்கு முன்பணமும் 'மினிமம் கேரன்ட்டி'யும் வந்தன. ஊர் தீர்ப்புச் சொன்ன பிறகு படம் எடுத்தவர், இப்போது யாரும் பார்க்காத படத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டுகிறார்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். இது எந்தத் தியேட்டரின் கணக்கும் அல்ல, விளங்குவதற்காகப் போடுவது. 500 இருக்கை, நாளைக்கு நான்கு காட்சி, ஆக 2,000 டிக்கெட். வரியெல்லாம் போக ஒரு டிக்கெட்டுக்கு 80 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய படத்தின் முதல் நாள் 1,900 டிக்கெட் விற்றால் 1,52,000 ரூபாய். விநியோகஸ்தர் பங்கு 70 சதவீதம் என்றால் தியேட்டருக்கு 45,600. செவ்வாய்க்கிழமை பத்தில் ஒரு பங்கு கூட்டம், 200 பேர். 16,000 ரூபாய் வசூல். பங்கு 60 சதவீதமாக இறங்கியிருந்தாலும் தியேட்டருக்கு மிஞ்சுவது 6,400. அந்த 6,400க்குள் நான்கு காட்சிக்கு ஏ.சி. ஓட வேண்டும், ஆபரேட்டர், கவுன்டர் ஆள், டிக்கெட் கிழிப்பவர், துப்புரவுப் பணியாளர், வாட்ச்மேன் சம்பளம் வேண்டும். நாற்பது பேருக்காக ஓடும் ஏ.சி.க்கும் நானூறு பேருக்காக ஓடும் ஏ.சி.க்கும் மின்வாரியம் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. வருஷத்தில் வெள்ளிக்கிழமை ஐம்பத்திரண்டுதான்; பெரிய படம் வரும் வெள்ளிக்கிழமை பத்துப் பன்னிரண்டு தேறினால் அதிகம். மற்ற நாளெல்லாம் செவ்வாய்க்கிழமை மாதிரிதான்.

அப்போது தியேட்டரைக் காப்பாற்றுவது கேன்டீன். முதலாளி தானே விலை வைக்கக்கூடிய ஒரே பொருள் பாப்கார்ன் என்பது இந்தத் தொழிலின் விசித்திரம். டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு வைப்பது அரசு. படத்தின் பங்கை நிர்ணயிப்பது விநியோகஸ்தர். படம் எத்தனை நாளில் வீட்டுக்கு வரும் என்பதைத் தீர்மானிப்பது ஓ.டி.டி. நிறுவனமும் தயாரிப்பாளரும். பாப்கார்ன் விலையைத் திட்டுகிறவர்களில் நானும் ஒருவன்தான். ஆனால் அது எதை ஈடுகட்டுகிறது என்று தெரிந்துகொண்டு திட்டலாம். வெளியிலிருந்து உணவு கொண்டுவருவதைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, குடிதண்ணீர் மட்டும் இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புறநகர் தியேட்டரில் இந்தத் தீர்ப்பையும் அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது. பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற வாடிக்கையாளரின் பையைச் சோதித்து முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கினால் அவர் அடுத்த படத்துக்கு வரமாட்டார்.

அரசின் பங்கைப் பார்ப்போம். 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1957ஆம் ஆண்டின் விதிகள் இரண்டும்தான் இன்றும் அடித்தளம். தியேட்டர் நடத்த 'சி ஃபார்ம்' லைசென்ஸ் வேண்டும். மாவட்டத்தில் அதைத் தருவது கலெக்டர். கட்டட உறுதிக்குப் பொதுப்பணித் துறை, மின் இணைப்புகளுக்கு மின் ஆய்வாளர், பிறகு தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை என்று ஒவ்வொரு சான்றிதழாக வாங்க வேண்டும். இந்தக் கெடுபிடியைச் சலிப்போடு மட்டும் பேசக் கூடாது. 1979இல் தூத்துக்குடி லட்சுமி டாக்கீஸ் தீயிலும், 1997இல் 59 பேர் இறந்த டில்லி உப்ஹார் தீயிலும் கற்ற பாடங்கள் அந்தக் காகிதங்களுக்குள் இருக்கின்றன. சலிப்புக்குரியது வேறு. நான்கு காட்சிக்கு மேல் ஒரு காட்சி போடக்கூட ஒவ்வொரு முறையும் அரசாணை வேண்டும்.

விலையின் கதை இன்னும் சுவாரஸ்யம். பல ஆண்டுகள் சென்னை மல்டிபிளெக்ஸ்களில் உச்ச விலை 120 ரூபாயாக உறைந்து கிடந்தது. முன்வரிசையில் 10 ரூபாய் டிக்கெட்டும் விற்றாக வேண்டியிருந்தது. 2006இல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று மு. கருணாநிதி அரசு அறிவித்த பிறகு படங்களின் தலைப்புகள் திடீரெனத் தமிழுக்குத் திரும்பின. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம், அதற்குள் 18 சதவீதம் என்று ஆனது. அதோடு உள்ளாட்சி கேளிக்கை வரி 30 சதவீதம் என்றதும் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் நான்கு நாள் மூடிக் கிடந்தன. பேச்சுவார்த்தையில் அந்த வரி குறைந்தது. அந்த அக்டோபரில் மல்டிபிளெக்ஸ்களுக்கு அடிப்படை விலை 150 ரூபாய் வரை போகலாம் என்றது அரசு. தனித் திரைகளுக்கு அதைவிடக் குறைவு. 2019 ஜனவரியில் ஜி.எஸ்.டி. 18, 12 என்று இறங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 5 சதவீதம்தான்; மேலே போனால் அதே 18. நூறுக்கும் நூற்றொன்றுக்கும் நடுவில் இப்படி ஒரு பள்ளம். இந்தப் பள்ளத்தால் லாபம் அடையக்கூடியவர்கள் மால் தியேட்டர்கள் அல்ல, தாம்பரம் மாதிரி இடத்து முதலாளிகள். நூறு ரூபாய்க்குள் நல்ல இருக்கை தருகிறவருக்கு வரி விதிப்பு முதல்முறையாகக் கைகொடுக்கிறது.

பங்குச் சண்டைக்கு வருவோம். காட்சி முடிந்ததும் மேனேஜர் எழுதும் டி.சி.ஆர். என்ற தினசரி வசூல் அறிக்கைதான் இந்தத் தொழிலின் ஜாதகம். ஒவ்வொரு வகுப்புக்கும் டிக்கெட் எந்த எண்ணில் ஆரம்பித்தது, எந்த எண்ணில் முடிந்தது, எத்தனை பாஸ், வரி எவ்வளவு, நிகரம் எவ்வளவு என்று பத்தி பத்தியாக இருக்கும். விநியோகஸ்தரின் பிரதிநிதி, அதாவது 'ரெப்', கூடவே உட்கார்ந்து தலையை எண்ணிக் கையெழுத்துப் போடுவார். டிக்கெட் புத்தகத்தை இரண்டு முறை விற்பது, பாஸ் பெயரில் ஆள் விடுவது என்று தியேட்டர்காரர்கள் மேல் பழைய புகார்கள் ஏராளம். அவற்றில் உண்மையும் ஏராளம். விநியோகஸ்தர்கள் பங்கை ஏற்றிக்கொண்டே போனதற்கு அந்த அவநம்பிக்கையும் ஒரு காரணம். கணினி டிக்கெட் வந்து கணக்கு வெளிச்சமான பிறகு பங்கு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. 2023 அக்டோபரில் 'லியோ'வுக்கு 80 சதவீதம் கேட்கிறார்கள் என்று தியேட்டர் உரிமையாளர் சங்கத் தலைவர் திருப்பூர் சுப்ரமணியம் வெளிப்படையாகவே பேசினார். கோயம்பேடு ரோகிணி போன்ற தியேட்டர்கள்கூட வெளியீட்டுக்கு முந்தைய நாள் வரை முன்பதிவைத் திறக்காமல் இருந்தன. எண்பது கொடுத்துவிட்டு இருபதில் ஏ.சி. ஓட்டுவதற்குப் பதில் கதவைச் சாத்தலாம் என்றுதான் தோன்றும். ஆனால் விஜய் படம் இல்லாத தியேட்டரை அந்த வாரம் ஊரே தாண்டிப் போகும். அடுத்த படத்துக்கு விநியோகஸ்தரும் இவரைத் தாண்டிப் போவார்.

அமெரிக்காவில் 1948இல் உச்ச நீதிமன்றம் பாராமவுண்ட் வழக்கில், படம் எடுக்கும் ஸ்டூடியோவே தியேட்டர்களையும் வைத்துக்கொள்வதற்கும், ஒரு நல்ல படத்தோடு நான்கு ஓடாத படத்தைக் கட்டி விற்பதற்கும் முடிவு கட்டியது. அங்கே ஊர்த் தியேட்டர்களுக்கு அது பெரிய கேடயமாக இருந்தது. 2020 ஆகஸ்டில்தான் அந்தக் கட்டுப்பாட்டை நீதிமன்றம் விலக்கிக்கொண்டது. நம் ஊரில் அப்படியொரு சட்டம் வந்ததே இல்லை. இங்கே எல்லாம் சங்கம், பேச்சுவார்த்தை, வேலைநிறுத்தம், சமரசம். 2018 மார்ச்சில் தயாரிப்பாளர் சங்கம் டிஜிட்டல் நிறுவனங்களின் கட்டணத்தை எதிர்த்துப் புதுப்படங்களை நிறுத்தியபோது ஏழு வாரத்துக்கு மேல் ஒரு புதுத் தமிழ்ப்படம் இல்லை. தயாரிப்பாளருக்கும் க்யூபுக்கும் நடந்த சண்டையில் தினக்கூலி இழந்தவர்கள் தியேட்டர் ஊழியர்கள்.

கொரோனாவில் இந்தத் தொழில் அனுபவித்ததை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் மூடி, நவம்பர் 10 அன்று பாதி இருக்கைகளோடு திறந்தார்கள். 2021 பொங்கலுக்கு வந்த 'மாஸ்டர்' தியேட்டர்களுக்கு உயிர் கொடுத்தது என்று எல்லோரும் எழுதினார்கள். அதே 'மாஸ்டர்' ஜனவரி 29 அன்று, பதினாறே நாளில், அமேசான் பிரைமில் வந்தது. உயிர் கொடுத்த கைதான் மூச்சையும் எண்ணியது.

இப்போது தமிழில் வழக்கமாக இருப்பது நான்கு வாரம். அதை எட்டாக்க வேண்டும் என்பது தியேட்டர்காரர்களின் நெடுநாள் கோரிக்கை. இந்திப் படங்களுக்குத் தேசிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வாரத்தை வற்புறுத்துகின்றன. கேரளத்தில் தயாரிப்பாளர்களும் தியேட்டர்களும் பேசிவைத்த கணக்கு 42 நாள். அது மீறப்படுகிறது என்று 2024 பிப்ரவரியில் தியேட்டர் உரிமையாளர் சங்கமான ஃபியோக் போராட்டத்தில் இறங்கியது. பிரான்சில் இது சங்கத்தின் விவகாரம் அல்ல, அரசு முன்னின்று வகுக்கும் ஒழுங்குமுறை. 2022இல் எழுதப்பட்ட ஒப்பந்தப்படி நெட்ஃபிளிக்ஸ் ஒரு படத்தைக் காட்ட தியேட்டரில் வந்து 15 மாதம் காத்திருக்க வேண்டும். பதினைந்து மாதத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. ஆனால் தாம்பரம் தியேட்டரின் பழைய பிழைப்பே காத்திருப்பில்தான் இருந்தது என்பதை நினைத்தால் இந்த வாரக் கணக்கின் எடை விளங்கும். முன்பு சிட்டிக்கும் புறநகருக்கும் நடுவில் இருந்த காத்திருப்பு இன்று தியேட்டருக்கும் கைபேசிக்கும் நடுவில் இருக்கிறது. அது நீண்டால்தான் மூன்றாவது வாரம் என்று ஒன்று இருக்கும்.

மூன்றாவது வாரம் இருக்க முடியும் என்பதற்கு 2024ஆம் ஆண்டே சாட்சி. அந்த ஆண்டின் முதல் மாதங்களில் தமிழில் சொல்லிக்கொள்ளும்படி படம் இல்லை. பிப்ரவரி 22 அன்று வந்த மலையாள 'மஞ்சும்மல் பாய்ஸ்' தமிழ்நாட்டில் வாரக்கணக்கில் ஓடியது, ஓ.டி.டி.க்கு அது வந்தது மே 5இல். மலையாளம் தெரியாதவர்கள் வாய்ச்சொல் கேட்டு மெல்ல மெல்ல வந்தார்கள். நான்கு வாரத்தில் வீட்டுக்கு வந்திருந்தால் அவர்களில் பாதிப்பேர் காத்திருந்து வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். ஏப்ரல் 20 அன்று 'கில்லி'யை மறுபடி வெளியிட்டபோது, இருபது வருஷத்துக்கு முந்தைய, டி.வி.யில் எண்ணற்ற தடவை போட்ட ஒரு படத்துக்கு ஹவுஸ்ஃபுல் போர்டு வைத்தார்கள். செப்டம்பரில் 'லப்பர் பந்து', அடுத்த மே மாதம் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. பெரிய நட்சத்திரம் இல்லாமல் இரண்டாவது வாரத்தில் கூட்டம் கூடிய படங்கள். இவைதான் சின்ன தியேட்டருக்கு லாபமான படங்கள்: பங்கு மிதம், முன்பணம் குறைவு, கூட்டம் பரவலாக வருகிறது, கேன்டீனில் குடும்பமாக வாங்குகிறார்கள். ரசிகர் காட்சிக்கு வருகிறவர்கள் பாப்கார்ன் வாங்குவதில்லை, சீட்டைக் கிழிக்கிறார்கள். 2023இல் ரோகிணியில் 'லியோ' டிரெய்லருக்கே இருக்கைகள் நாசமானதைப் பார்த்தோம். அதே ஆண்டு ஜனவரியில் 'துணிவு' கொண்டாட்டத்தில் லாரியிலிருந்து விழுந்து ஒரு இளைஞர் இறந்த பிறகு அதிகாலைக் காட்சிகள் நின்றன. தியேட்டர் முதலாளிகள் வெளியே வருத்தப்பட்டார்கள். உள்ளுக்குள் எத்தனை பேர் நிம்மதி அடைந்தார்களோ.

மல்டிபிளெக்ஸ்தான் சின்ன தியேட்டரைக் கொன்றது என்ற பேச்சை நான் பாதிதான் ஏற்கிறேன். பல்லாவரத்தில் கிராண்ட் கலாடா மாலில் பி.வி.ஆர். இருக்கிறது, 2023 பிப்ரவரியில் விமான நிலையத்திலேயே ஐந்து திரை திறந்தது. தாம்பரத்திலிருந்து இரண்டுமே கூப்பிடு தூரம். இவற்றுக்குப் போகிறவர்களில் ஒரு சாரார் பணம் இருப்பதால் போகிறார்கள். இன்னொரு சாரார், குறிப்பாகப் பெண்கள், கழிப்பறைக்காகப் போகிறார்கள். இருபது ஆண்டுகளாகப் பல சின்ன தியேட்டர்கள் திரைக்கும் ஒலிக்கும் லட்சக்கணக்கில் போட்டு, கழிப்பறைக்கு ஒரு பினாயில் பாட்டிலோடு நிறுத்திக்கொண்டன. அம்மாவை அழைத்துப்போக முடியாத தியேட்டருக்குக் குடும்பமே வராது. இதற்கு அரசையோ விநியோகஸ்தரையோ குறை சொல்ல முடியாது.

நிலம் இன்னொரு கதை. தியேட்டர் கட்டியபோது ஊருக்கு வெளியே இருந்த கிரவுண்டுகள் இன்று ஜி.எஸ்.டி. ரோட்டு மனைகள். அண்ணன் தம்பி நான்கு பேருக்கு நடுவில் ஒரு தியேட்டர் இருந்தால், அதை நடத்துகிறவர் ஒருவர், பங்கு கேட்கிறவர் மூவர். மாதம் ஒரு லட்சம் மிஞ்சுகிற தொழிலைவிடக் கோடிகளில் விலை பேசும் பில்டர் பெரியவராகத் தெரிவதில் வியப்பில்லை. அசோக் நகர் உதயம் காம்ப்ளெக்ஸ் 1983இல் திறந்து 2024இல் மூடியது இப்படித்தான். அந்த இடத்துக்கு அடுக்குமாடி வருகிறது. கல்யாண மண்டபமாகவும் சூப்பர் மார்க்கெட்டாகவும் மாறியவை கணக்கில்லை. அரசு தியேட்டர் கட்டும் என்ற பேச்சும் ஒரு காலத்தில் இருந்தது: 2014இல் சென்னை மாநகராட்சி பட்ஜெட்டில் 'அம்மா தியேட்டர்' அறிவித்தார்கள். அம்மா உணவகத்து இட்லி வந்தது, தியேட்டர் வரவில்லை. கேரளத்தில் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று திரைகளை நடத்துகிறது என்பதால் இது அப்படியொன்றும் நடக்காத காரியமில்லை.

விற்காமல் நடத்த நினைப்பவர்களுக்கு இன்று இருக்கும் வழிகளில் நம்பத்தக்கது மண்டபத்தைப் பிரிப்பது. அறுநூறு எழுநூறு இருக்கையுள்ள பழைய கூடத்தில் பால்கனியைத் தனியாக்கி, கீழே முன்னூறு, மேலே நூற்றைம்பது என்று இரண்டு திரை போடலாம். இருக்கை குறையும், ஆனால் எழுநூறு இருக்கை நிறைவது வருஷத்தில் பத்து நாள்தானே. இரண்டு திரை வந்தால் பெரிய படத்தை எடுத்துக்கொண்டே சின்னப் படத்தையும் வைத்திருக்கலாம். 2023 பொங்கலுக்கு 'வாரிசு', 'துணிவு' ஒரே நாளில் மோதியபோது ஒற்றைத் திரைக்காரர் காட்சிகளைப் பங்குபோட்டு இரண்டு ரசிகர்களிடமும் திட்டு வாங்கினார். இரண்டு திரை வைத்திருந்தவர் இரண்டையும் ஓட்டினார். எல்லாவற்றுக்கும் மேலாக, நன்றாகப் பேசப்படும் படத்தை வெள்ளிக்கிழமை தூக்கி எறியாமல் மேல் திரைக்கு மாற்றி மூன்றாவது, நான்காவது வாரம் கொண்டுபோகலாம். விநியோகஸ்தரின் பங்கு அதற்குள் ஐம்பதுக்கு இறங்கியிருக்கும். பழைய ஷிஃப்டிங்தான் இது, ஒரே கட்டடத்துக்குள். இதற்கு இன்னொரு புரொஜக்டர், இன்னொரு ஒலியமைப்பு, கூடுதல் வெளிவாசல், கலெக்டரிடம் புதிய அனுமதி, வரைபட ஒப்புதல் எல்லாம் வேண்டும். வங்கிகள் தியேட்டருக்குக் கடன் கொடுக்கத் தயங்குவதால் பணத்துக்கு முதலாளி தன் நிலத்தைத்தான் ஈடாகக் காட்ட வேண்டியிருக்கும். பில்டர் விலை பேசுகிற அதே நிலத்தை.